ஒரு துளி ரத்தத்தில் நூறு புரதங்களை அளப்பது எப்படி?

ஒரு மில்லிலிட்டர் ரத்தப் பிளாஸ்மாவில் ஆல்புமின் என்ற புரதம் மட்டுமே சுமார் 40 மில்லிகிராம் இருக்கும். அழற்சி தொடங்கும்போது உடலுக்குச் சேதி சொல்லும் இன்டர்லூகின்-6, நலமாக இருப்பவரிடம் அதே அளவு பிளாஸ்மாவில் சில பிக்கோகிராம்தான் (ஒரு பிக்கோகிராம் என்பது கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). எடையில் ஏறக்குறைய ஆயிரம் கோடி மடங்கு வித்தியாசம்! நோயைப் பற்றிய துப்பு பல நேரங்களில் இந்தச் சின்னஞ்சிறு அளவில் இருக்கும் புரதங்களிடம்தான் கிடைக்கிறது.

இவ்வளவு கூட்டத்தில் ஒன்றை மட்டும் தேடிப் பிடிக்க ஆன்டிபாடி என்ற நோயெதிர்ப்புப் புரதம் உதவுகிறது. 1971-ல் வந்த எலிசா பரிசோதனை அப்படித்தான் வேலை செய்கிறது: பிளாஸ்டிக் தட்டின் ஒரு குழியில் ஒரு புரதம். ஆனால் ஒவ்வொரு குழிக்கும் 50, 100 மைக்ரோலிட்டர் மாதிரி வேண்டும். நூறு புரதங்களை அளக்க வேண்டுமென்றால், பிறந்த குழந்தையிடம் அவ்வளவு ரத்தம் எடுக்க முடியுமா?

ஆன்டிபாடி சில்லு இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. புரதம் நன்றாக ஒட்டிக்கொள்ளும் நைட்ரோசெல்லுலோஸ் பூசிய கண்ணாடித் தகட்டில், வெவ்வேறு ஆன்டிபாடிகளை மிக நுண்ணிய புள்ளிகளாக ஒரு இயந்திரம் வரிசையாக வைக்கிறது. எந்தப் புள்ளியில் எது என்பது முன்பே தெரியும். மாதிரியை ஊற்றினால் ஒவ்வொரு புரதமும் தன் புள்ளியில் ஒட்டும். மற்றதைக் கழுவிவிடலாம்.

புள்ளி இவ்வளவு சிறிதாக இருந்தால் அளவு தப்பாதா? பிரிட்டன் விஞ்ஞானி ரோஜர் எக்கின்ஸ் 1980-களில் இதற்குத் தந்த பதில் எனக்கு மிகவும் பிடித்தது. புள்ளியில் ஆன்டிபாடி மிகக் குறைவாக இருந்தால், அது கரைசலிலிருந்து எடுக்கும் புரதமும் சொற்பம். கரைசலின் செறிவு மாறுவதே இல்லை. அதனால் புள்ளியில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பது செறிவை மட்டுமே காட்டும். எவ்வளவு மாதிரி ஊற்றினோம் என்பது பொருட்டே இல்லை.

சரி, ஒட்டியதை எப்படிப் பார்ப்பது? மாதிரியில் உள்ள எல்லாப் புரதங்களிலும் ஒளிரும் சாயத்தை ஏற்றிவிடுவது ஒரு வழி. எளிது, ஆனால் தவறான புரதம் ஒட்டினாலும் அதுவும் ஒளிரும். சாண்ட்விச் முறை இன்னும் நம்பகமானது: புரதத்தின் இன்னொரு பக்கத்தில் இரண்டாவது ஆன்டிபாடி வந்து ஒட்டும், சாயம் அதில்தான் இருக்கும். இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் ஒளி.

சிக்கலும் அங்கேயே பிறக்கிறது. 50 புரதங்களுக்கான இரண்டாவது ஆன்டிபாடிகளை ஒன்றாகக் கலந்துதான் ஊற்ற வேண்டும். 50 புள்ளி, 50 ஆன்டிபாடி: 2,500 சேர்க்கைகள். அவற்றில் நமக்கு வேண்டியவை 50 மட்டுமே. மீதியில் ஏதாவது ஒன்று தவறாக ஒட்டினாலும் இல்லாத புரதம் இருப்பதுபோலத் தெரியும். முடக்குவாத நோயாளிகள் பலரின் ரத்தத்தில் ஆன்டிபாடிகளையே பிடிக்கும் ஆன்டிபாடி உண்டு. அது புள்ளியில் உள்ள ஆன்டிபாடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடிக்கும் நடுவில் பாலமாக நின்றுவிட்டால், புரதமே இல்லாமல் புள்ளி ஒளிரும்.

இதற்குப் பின்னால் வந்த ஒரு தீர்வில் தகடும் இல்லை, புள்ளியும் இல்லை. ஜோடியின் இரு ஆன்டிபாடிகளிலும் சிறு டிஎன்ஏ இழையைக் கட்டிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே புரதத்தில் அருகருகே அமர்ந்தால்தான் இழைகள் இணையும். இணைந்ததைப் பெருக்கி எண்ணுகிறார்கள். தவறான ஜோடி சேர்ந்தால் இழைகள் பொருந்தாது, கணக்கிலும் வராது. மக்களின் உடல்நலத் தரவுகளையும் ரத்த மாதிரிகளையும் ஆய்வுக்காகச் சேமிக்கும் பிரிட்டனின் யுகே பயோபேங்கில் 50,000-க்கும் மேற்பட்டவர்களின் பிளாஸ்மாவில் கிட்டத்தட்ட 2,900 புரதங்களை இப்படித்தான் அளந்தார்கள்.

கருவி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், ரத்தக் குழாயைக் கவனமாகக் கையாளாவிட்டால் எல்லாம் வீண். ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் தம்மிடமுள்ள புரதங்களை வெளியே விடுகின்றன. நோயாளிகளின் குழாய்கள் மேசையில் அதிக நேரம் கிடந்து, மற்றவர்களுடையவை உடனே குளிரூட்டப்பட்டிருந்தால், சில்லு காட்டும் வித்தியாசம் நோயால் வந்ததா, மேசையால் வந்ததா? இந்தக் கேள்விக்கு எந்தச் சில்லும் பதில் சொல்லாது.

அப்புறம் கணக்கு. 1,000 புரதங்களை ஒப்பிட்டு, 5 சதவீதத் தற்செயலை அனுமதித்தால், எந்த வித்தியாசமும் இல்லாத இரு குழுக்களிலேயே சுமார் 50 புரதங்கள் ‘மாறியதாக’த் தெரியும். அதனால் கடுமையான வடிகட்டலுக்குப் பிறகும் தாக்குப்பிடிக்கும் நாலைந்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இதுவரை பார்க்காத வேறு நோயாளிகளின் மாதிரிகளில், பழைய எலிசா குழியில், ஒவ்வொன்றாக மறுபடியும் அளக்கிறார்கள்.