கொழும்பு ஊசலுக்கு 9.81 எங்கிருந்து வந்தது?

பாடசாலையில் ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பு ஆர்முடுகலை (விழும் பொருளின் வேகம் செக்கனுக்குச் செக்கன் கூடும் அளவை) காணும் செய்முறை உண்டு. கொப்பியில் விடை 9.81 என்று எழுதியிருந்தால் சரி அடையாளம் விழும். 9.78 என்று எழுதினால், "இன்னொருக்காச் செய்து பாருங்கோ" என்ற பதில்தான் வரும். ஆனால் கொழும்பில் புவியீர்ப்பு ஆர்முடுகல் கிட்டத்தட்ட 9.78 மீற்றர் செக்கன்⁻² தான். 9.81 என்பது லண்டனுக்கும் பாரிசுக்கும் பொருந்தும் எண்.

பூமியின் ஆரை, முனைவை விட மத்தியகோட்டில் ஏறத்தாழ 21 கிலோமீற்றர் கூட. சுழற்சியின் பாதிப்பும் அங்கேதான் அதிகம். இரண்டும் அங்கே ஈர்ப்பைக் குறைக்கும். கொழும்போ வட அகலக்கோடு 7 பாகைக்குக் கிட்ட இருக்கிறது. 1672 இல் பிரெஞ்சு வானியலாளர் ஜீன் ரிஷே பாரிசிலிருந்து, தென் அமெரிக்காவில் வட அகலக்கோடு 5 பாகையில் உள்ள கயேனுக்குக் கொண்டுபோன ஊசல் மணிக்கூடு, அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடமளவு பிந்தியது. காரணம் இதுதான்.

பாடசாலை ஊசலால் இந்த வித்தியாசத்தைப் பிடிக்க முடியுமா? ஒரு மீற்றர் ஊசல் 100 அலைவுக்கு (ஒருதரம் போய்த் திரும்பி வருவது ஓர் அலைவு), 9.78 என்றால் 200.9 செக்கன் எடுக்கும், 9.81 என்றால் 200.6. இடைவெளி 0.3 செக்கன்தான். நிறுத்தற் கடிகாரத்தை அழுத்தும் விரலின் தாமதமே 0.2 செக்கன் அளவில் இருக்கும். 25 அலைவோடு நிறுத்தினால் வித்தியாசம் விரலுக்குள்ளேயே தொலைந்துபோகும். ஆகவே 100 அலைவு, மூன்று தரம். நீளத்தில் ஒரு மில்லிமீற்றர் பிழைத்தால் விடை 0.01 நகரும், குண்டைத் தொங்கவிட்டு, நூல் இழுபட்டு நின்ற பிறகே அளக்க வேண்டும்.

நூலை ஆணியில் சுற்றிக் கட்டக் கூடாது. ஆடும்போது தொங்கும் புள்ளி இடம் மாறும். பிளந்த தக்கையின் இரு பாதிக்கும் நடுவே நூலை இறுக்கினால், அதன் கீழ் விளிம்பே நிலையான புள்ளி. குண்டின் ஓய்வு நிலைக்குப் பின்னால் ஓர் ஊசியைக் குத்தி வையுங்கள். குண்டு மிக வேகமாகப் போகும் இடம் அது. கடக்கும் கணம் கூர்மையாகத் தெரியும். உச்சியில் குண்டு தயங்கி நிற்பதால் அங்கே எண்ணத் தொடங்குவது வீண். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், எவ்வளவு வேர்த்தாலும்.

எண்ணிக்கை "பூச்சியம்" என்று தொடங்க வேண்டும். "ஒன்று" என்று தொடங்கி 25 இல் நிறுத்தினால் நடந்தது 24 அலைவுதான், விடை 10.6 ஆக எகிறும். எதிர்ப்பக்கப் பிழை, குண்டை அகலமாக இழுத்து விடுவது. 20 பாகை வீச்சில் அலைவு காலம் முக்கால் சதவீதம் கூடி, விடை 9.63 க்கு இறங்கும். ஒரு மீற்றர் நூலுக்கு ஒன்பது சென்ரிமீற்றர் இழுத்தால் போதும், அது 5 பாகை.

இதே அளவைக் காண இன்னொரு வழி ரிக்கர் நாடா: விழும் எடையோடு ஒட்டிய கடதாசி நாடாவில் 50 ஹேர்ட்ஸ் மின்னோட்டம் 0.02 செக்கனுக்கு ஒரு புள்ளி இடும். அடுத்தடுத்த இடைவெளிகள் 3.9 மில்லிமீற்றர் வீதம் கூட வேண்டும். நாடாவின் உராய்வு அதைக் குறைத்துவிடும். நுணுக்கமான விடைக்கு ஊசலே மேல்.

இனி வரைபு. 50 முதல் 120 சென்ரிமீற்றர் வரை ஆறேழு நீளங்களுக்கு, அலைவு காலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு (மீற்றரில்) எதிரே குறித்தால் படித்திறன், அதாவது கோட்டின் சரிவு, 4.04 அளவில் வரும், 39.48 ஐ (4π²) அதால் வகுத்தால் விடை. நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் முடிச்சு வரை மட்டும் அளந்திருந்தால், ஒரு சென்ரிமீற்றர் குறைவுக்கு நேர்கோடு நிலைக்குத்து அச்சை 0.04 இல் வெட்டும். படித்திறன் அப்படியே இருக்கும், விடையும் கெடாது. "கோடு பூச்சியத்தினூடாகப் போகத்தானே வேண்டும்" என்று அடிமட்டத்தைச் சரித்து வரைந்தால்தான் விடை கெடும்.