குளூட்டன் இல்லாத நண்டு கேக்: உதிராமல் நிற்பது எப்படி?

நான் முதல்முறை செய்த நண்டு கேக், சட்டியிலேயே நண்டுப் பொரியலாகிவிட்டது. ஒரு பக்கம் சிவந்ததும் தோசைத் திருப்பியை அடியில் விட்டுப் புரட்டினேன். மேல் பாதி வந்தது, கீழ்ப் பாதி வர மறுத்தது. ருசிக்குக் குறைவில்லை என்பதால் சோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டோம். அன்று வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளிக்குக் கோதுமை ஆகாது, அதில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம்தான் காரணம். அதனால் செய்முறையில் சொன்ன ரொட்டித் தூளை விட்டுவிட்டு, அதே அளவு பச்சரிசி மாவைப் போட்டிருந்தேன். "குளூட்டன் இல்லையல்லவா, அதுதான் பிடிக்கவில்லை" என்றார்கள் எல்லோரும். நானும் தலையாட்டினேன். பிறகுதான் தெரிந்தது, குளூட்டன் மேல் வீண்பழி போட்டிருக்கிறோம் என்று.

பெயரில் கேக் இருந்தாலும் இது இனிப்புப் பண்டம் கிடையாது. நம் கட்லெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் மேரிலாந்து மாநிலம்தான் அதன் சொந்த ஊர். அங்கே செசபீக் விரிகுடாவில் பிடிபடும் நீல நண்டுக்கு, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் விலங்கியலாளர் மேரி ராத்பன் 1896இல் காலினெக்டெஸ் சாபிடஸ் என்று பெயர் வைத்தார். 'ருசியான, அழகான நீச்சல்காரன்' என்று பொருள். அறிவியல் பெயர் வைக்கும்போதே நாக்கில் எச்சில் ஊறியிருக்கிறது! அந்த ஊர் நண்டு மசாலாவுக்கும் ஒரு கதை உண்டு. குஸ்டாவ் புருன் என்ற ஜெர்மானிய யூத மசாலா வியாபாரி நாஜிகளிடமிருந்து தப்பி, மேரிலாந்தின் பால்டிமோர் நகருக்கு வந்து சேர்ந்து, 1939இல் உருவாக்கியதுதான் இன்று ஓல்ட் பே என்று விற்கும் தூள். செலரி உப்பு, மிளகு, மிளகாய், கடுகு எல்லாம் கலந்தது.

ஊர்ப் பெருமை மேரிலாந்துடையது என்றாலும், இன்று அமெரிக்க உணவகங்களில் கேக் ஆகிற நண்டில் பெரும்பங்கு ஆசியாவிலிருந்து டப்பாவில் போகிறது. நம் மன்னார் வளைகுடா, பாக் நீரிணைப் பக்கத்திலிருந்தும் போகிறது. தூத்துக்குடி, மண்டபம் வட்டாரத்தில் நீலக்கால் நண்டை வேகவைத்து, பெண்கள் உட்கார்ந்து கையாலேயே சதை பிரித்து, வகைவாரியாக டப்பாவில் அடைத்து அனுப்புகிறார்கள். செசபீக் நண்டும் நம் நீலக்கால் நண்டும் நீச்சல் நண்டுகள் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கடைசி ஜோடிக் கால் துடுப்புபோலத் தட்டையாக இருக்கும். அந்தத் துடுப்பை இயக்கும் தசைதான் நண்டிலேயே பெரிய, வெள்ளையான சதைக்கட்டி. ஒரு நண்டுக்கு இரண்டே இரண்டு. சந்தையில் ஜம்போ லம்ப் என்று தனி விலை வைத்து விற்பது அதைத்தான்.

சரி, உதிர்ந்த கதைக்கு வருவோம்.

நண்டு செத்தவுடன் அதன் செரிமானச் சுரப்பியில் இருக்கும் நொதிகள் கசிந்து, சொந்தச் சதையையே கரைக்கத் தொடங்கிவிடும். செத்த நண்டு வாங்காதே என்று வீட்டில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே உயிரோடு இருக்கும்போதே, அல்லது வெட்டிய கையோடு, வேகவைத்துவிடுகிறோம். வெந்த பிறகு ஓட்டிலிருந்து சதை பிரிவதும் எளிது. அதாவது நம் கைக்கு வரும் நண்டுச் சதை ஏற்கெனவே வெந்தது. எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

பச்சைக் கறியை அரைத்து உருட்டும் கோலா உருண்டையை நினைத்துப் பாருங்கள். கறியில் உப்புப் போட்டுப் பிசையும்போது, தசையில் உள்ள மயோசின் என்ற புரதம் கரைந்து வெளியே வந்து பிசுபிசுப்பாகிறது. சூடு பட்டதும் அந்த மயோசின் இழைகள் ஒன்றோடொன்று பின்னி வலையாக இறுகிவிடும். உருண்டை தன் சொந்தப் பசையிலேயே நிற்கிறது. வெந்த நண்டில் அந்த வாய்ப்பு முடிந்துவிட்டது. வேகும்போதே மயோசின் சுருண்டு இறுகிவிட்டது. அவித்த முட்டையை உதிர்த்து மறுபடி ஆம்லெட் போட முடியுமா? அதே நிலைதான். போதாததற்கு நண்டுச் சதையில் முக்கால் பங்கு தண்ணீர். கை பட்டாலே கசியும். தனக்குள் ஒட்டாத, ஈரம் கசிகிற சதைத் துண்டுகளை ஒன்றாக நிறுத்திவைப்பதுதான் இந்தப் பண்டத்தின் மொத்த சவால்.

இதில் குளூட்டனுக்கு என்ன வேலை? கோதுமை மாவில் கிளையாடின், குளூட்டெனின் என்று இரண்டு வகைப் புரதங்கள் உண்டு. தண்ணீர் விட்டுப் பிசைந்தால் இரண்டும் கைகோத்து இழுவையான வலையாகும். அதற்குத்தான் குளூட்டன் என்று பெயர். பரோட்டா மாஸ்டர் வீசி விரிக்கும்போது மாவு கிழியாமல் கண்ணாடிபோல விரிவது அதன் தயவால்தான். ஆனால் ரொட்டி அடுப்பில் வெந்தவுடன் அந்த வலை இறுகிக் கெட்டியாகிவிடுகிறது. அப்புறம் அதைப் பொடித்து ஈரமாக்கினாலும் பழைய பசைத்தன்மை திரும்பாது. மேரிலாந்துக்காரர்கள் நண்டு கேக்கில் போடும் உப்பு பிஸ்கட் தூளும் வெந்ததுதான், நம் ரொட்டித் தூளும் வெந்ததுதான். ஆக, நண்டு கேக்கை குளூட்டன் எந்தக் காலத்திலும் பிடித்து நிறுத்தியதில்லை.

ரொட்டித் தூளின் பயன் அதன் ஸ்டார்ச்சில், அதாவது மாவுச்சத்தில், இருக்கிறது. பச்சை மாவில் ஸ்டார்ச் இறுக்கமான சின்னச் சின்ன மணிகளாக இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் அவை கொஞ்சம்தான் ஊறும். ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் தண்ணீரை உறிஞ்சி ஊதிக் குழையும். கஞ்சி திடீரென்று கெட்டிப்படுவது அப்போதுதான். ரொட்டியில் அந்த மணிகள் ஒருமுறை குழைந்து முடித்தவை. அதனால் அடுப்பில் ஏற்றாமலே, நண்டிலிருந்து கசியும் நீரைப் பஞ்சுபோல உறிஞ்சிக்கொள்ளும். நான் போட்ட பச்சரிசி மாவு மணல்போலக் கலவைக்குள் சும்மா கிடந்தது. நீர் அப்படியே தளும்பியது. சட்டி சூடேறியதும் அந்த நீர் ஆவியாகிக் கேக்கைப் பிளந்துகொண்டு வெளியே போயிற்று. கோதுமையை எடுத்தது குற்றமில்லை. வெந்த ஸ்டார்ச் இருந்த இடத்தில் பச்சை ஸ்டார்ச்சைப் போட்டதுதான் குற்றம்.

இது புரிந்த பிறகு மாற்றுப் பொருளைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத் தட்டையாக்கிய அவல் இருக்கிறது. அதன் ஸ்டார்ச் ஏற்கெனவே குழைந்தது. தண்ணீர் தெளித்தாலே மெத்தென்று ஆகிவிடுவது அதனால்தான். அரிசிப் பொரியும் அப்படியே. இரண்டில் எதையும் மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றினால் போதும். ஆனால் என் ஓட்டு பழைய இட்லிக்கு. சூடான இட்லியை உதிர்க்கப் பார்த்தால் கையில் அப்பும். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்த இட்லியோ பொலபொலவென்று உதிரும். இட்லி உப்புமா செய்கிற எல்லோருக்கும் இது தெரியும். குழைந்த ஸ்டார்ச் குளிரில் மெல்ல மெல்ல மறுபடி வரிசையாக அமைந்து இறுகுவதே காரணம். ரொட்டி மறுநாள் வறட்டியாகிறதே, அதே வினை. எனவே பழைய இட்லியை உதிர்த்து, வெறும் சட்டியில் லேசாகப் பிரட்டி ஈரத்தைப் போக்கினால் முதல்தரமான குளூட்டன் இல்லாத ரொட்டித் தூள் கிடைக்கும். அரிசியும் உளுந்தும் மட்டுமே போட்ட இட்லியாக இருக்க வேண்டும். ரவை இட்லி சரிப்படாது, ரவை கோதுமையேதான்.

கோலா உருண்டைக்குப் போடும் பொட்டுக்கடலை மாவும் நன்றாகவே பிடிக்கும். ஆனால் அதன் வாசனை முந்திக்கொண்டு வந்து நண்டை அமுக்கிவிடுகிறது. அவித்த உருளைக்கிழங்கு சேர்த்தால் அது நண்டுக் கட்லெட். எனக்கும் பிடிக்கும், ஆனால் அது வேறு பண்டம்.

ஈரத்தை ஸ்டார்ச் பார்த்துக்கொள்கிறது. பிடித்து நிறுத்தும் வேலை முட்டையுடையது. முட்டைப் புரதங்கள் 62 டிகிரி அளவில் அவிழ்ந்து பிணையத் தொடங்கி, 70ஐத் தாண்டும்போது உறுதியான வலையாகிவிடும். மயோசின் செய்திருக்க வேண்டிய வேலையை இரவல் புரதம் செய்கிறது. முட்டை ஆகாதவர்கள் வீட்டில், தோல் உரித்த பச்சை இறாலைக் கொஞ்சம் உப்போடு மைய அரைத்துச் சேர்க்கலாம். இறாலின் மயோசின் இன்னும் பச்சையாகத்தானே இருக்கிறது!

அளவு இதுதான்: அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான நண்டுச் சதை, ஒரு முட்டை, மூன்று மேசைக்கரண்டி மயோனைஸ், ஒரு தேக்கரண்டி கடுகு விழுது, நான்கு மேசைக்கரண்டி இட்லித் தூள் அல்லது அவல் தூள், மிளகு, மிளகாய்த்தூள், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேர்க்கவும், நண்டிலேயே உப்பு உண்டு. தூள் கூடக் கூட கேக் நன்றாக நிற்கும், நண்டு காணாமல் போகும். கோடு எங்கே என்பது உங்கள் நாக்குக்குத்தான் தெரியும். மயோனைஸ் என்பது முட்டைக் கருவின் உதவியால் எண்ணெயை நுண்துளிகளாக நிறுத்திவைத்த கலவை. தனி நீர் சேர்க்காமல் கொழுப்பையும் மென்மையையும் கொடுக்கிறது. முட்டை ஆகாதவர்கள் முட்டையில்லாத மயோனைஸைத் தேட வேண்டும்.

முதலில் சதையைத் துணியில் வைத்து மெதுவாக ஒற்றி ஈரத்தை எடுங்கள். விரல் நுனியால் தடவி ஓட்டுச் சில்லு இருக்கிறதா என்று பாருங்கள். டப்பா நண்டில் சில சமயம் கண்ணாடித் துண்டுபோல ஒன்று அகப்படும். பெரும்பாலும் அது ஸ்ட்ரூவைட், நண்டிலேயே உள்ள மெக்னீசியமும் பாஸ்பேட்டும் அமோனியாவும் சேர்ந்து விளைந்த படிகம். சூடான வினிகரில் போட்டால் மெல்லக் கரையும், கண்ணாடி கரையாது. மற்றதையெல்லாம் தனியே கலக்கிவிட்டு, நண்டைக் கடைசியில் போட்டுப் பிசையாமல் புரட்டுங்கள். வடை அளவுக்குத் தட்டி, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். தூள் ஈரத்தை முழுதாகக் குடித்து முடிக்க அவ்வளவு நேரம் தேவை. அவசரப்பட்டால் மறுபடி பொரியல்தான்.

சட்டியில் போடுவதற்கு முன் இருபுறமும் மெல்லியதாகப் பச்சரிசி மாவு தூவிக்கொள்ளுங்கள். உள்ளே காலை வாரிய அதே மாவு வெளியே உதவிக்கு வருகிறது. மேற்பரப்பில் நீர் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரிக்கு மேல் ஏறாது, வெந்துகொண்டிருக்குமே தவிர சிவக்காது. உலர்ந்த பிறகு, 140 டிகிரியை ஒட்டி, புரதத் துணுக்குகளும் சர்க்கரையும் வினைபுரிந்து பொன்னிறமும் வறுத்த வாசனையும் பிறக்கும். மயார்டு வினை என்பது இதைத்தான். அரிசி மாவு மேற்பரப்பைச் சீக்கிரம் உலர்த்துகிறது, மொறுமொறுப்பைத் தருகிறது. மிதமான தீயில் பக்கத்துக்கு நான்கு நிமிடம் போதும். அடி பிடித்துக்கொண்டிருந்தால் இன்னும் பொருக்குக் கட்டவில்லை என்று அர்த்தம்; விடுங்கள், தானாக விடும். ஒரே ஒருமுறைதான் புரட்ட வேண்டும்.

கேக்கில் கோதுமை போடாததாலேயே அது கோதுமை ஆகாதவருக்கு உகந்ததாகிவிடாது. சீலியாக் நோய் உள்ளவருக்கு, குளூட்டனின் முழுதாகச் செரிக்காத துணுக்குகளை உடலின் எதிர்ப்பாற்றல் எதிரி என்று எடுத்துக்கொண்டு சிறுகுடலின் உறிஞ்சிகளையே தாக்கும். கோதுமை விளையும் வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவர் அளவில் இது இருக்கிறது, தெற்கில் குறைவு. குளூட்டன் இல்லாதது என்று அச்சிட, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது உலக அளவிலான வரம்பு. ஒரு சிட்டிகை மைதா போதும் அதைத் தாண்ட. அதனால் பூரியோ சமோசாவோ பொரித்த எண்ணெயைத் தொடாதீர்கள். குளூட்டன் எண்ணெய்ச் சூட்டில் அழியாது. சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு. நண்டு கேக்கில் வழக்கமாக விடும் வொர்செஸ்டர்ஷையர் சாஸில் சில வகைகள் பார்லி வினிகரில் செய்தவை. சில கடுகு விழுதுகளில் கோதுமை மாவு சேர்கிறது. நண்டுக் குச்சி என்று விற்பது மீன் விழுது, அதிலும் கோதுமை ஸ்டார்ச் கலப்பதுண்டு. நம் வீட்டில் யாரும் சந்தேகப்படாத ஆசாமி, கூட்டுப் பெருங்காயம். அசல் பெருங்காயப் பிசினைத் தனியாகத் தூளாக்க முடியாதென்று மைதாவோடு சேர்த்துத்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். அட்டையைத் திருப்பிப் பாருங்கள், எழுதியிருக்கும்.

பால்டிமோரில் நண்டு கேக்கைத் தட்டில் வைத்தால் பக்கத்தில் இரண்டு உப்பு பிஸ்கட்டும் வைப்பது வழக்கம். சுத்தமான கோதுமை. கேக்குக்குள்ளிருந்து துரத்திவிட்டதைப் பக்கத்திலேயே உட்காரவைத்ததாக ஆகிவிடும். நான் அரிசி வடாம் பொரித்து வைக்கிறேன், வடாம் மாவில் என்ன பெருங்காயம் போட்டார்கள் என்று கேட்டுவிட்டு.