ஃபார்மேட் செய்வதற்கு முன் டம்ப் கோப்பைத் திறந்து பாருங்கள்

திருப்பூரில் ஆடிட்டர் அலுவலகங்களிலும் பனியன் கம்பெனிகளின் கணக்குப் பிரிவுகளிலும் கணினிப் பராமரிப்பு செய்து வருகிறேன். ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கலுக்கான 20ஆம் தேதி நெருங்கும்போது, "பிரவுசர் தானா மூடிக்குதுங்க, ஃபார்மேட் அடிச்சுக் குடுத்துருங்க, நாளைக்கு ரிட்டர்ன் போடோணும்" என்ற அழைப்பு எப்படியும் வந்துவிடும். அவர்களுடைய பதற்றம் நியாயமானது. ஆனால் ஃபார்மேட் செய்தால் கோளாறுடன் அதற்கான சாட்சியும் அழிந்துபோகிறது.

பிரவுசர் கிராஷ் ஆகும்போது, அந்த நொடியில் எந்தக் கட்டளை ஓடியது, எந்தெந்த மாட்யூல்கள் (நிரலின் பகுதிக் கோப்புகள்) நினைவகத்தில் இருந்தன என்ற விவரங்கள் பெரும்பாலும் மினிடம்ப் என்ற சிறிய கோப்பில் பதிவாகிவிடும். ஃபயர்பாக்ஸின் முகவரிப் பட்டையில் அபவுட்:கிராஷஸ் என்றும், குரோமில் குரோம்://கிராஷஸ் என்றும் ஆங்கில எழுத்துகளில் தட்டினால் பட்டியல் கிடைக்கும். ஒரு டேப் மட்டும் செயலிழந்ததா, பிரவுசர் முழுவதும் மூடியதா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். பக்கங்களைக் காட்டும் பணி தனி பிராசஸ்களில் (தனித்தனியாக இயங்கும் நிரல்களில்) நடப்பதால், முழு ஜன்னலும் மறைந்தால் முதன்மை பிராசஸில்தான் தேட வேண்டும்.

ஓர் அலுவலகத்தில், டிஜிட்டல் கையொப்பம் உள்ள யுஎஸ்பி டோக்கனைச் செருகியதும் ஃபயர்பாக்ஸ் மூடிக்கொண்டது. நான் போவதற்குள் இரண்டு முறை ஃபார்மேட் செய்திருந்தார்கள். இரண்டு முறையும் கோளாறு திரும்பி வந்தது. அனுப்பப்படாத அறிக்கைகள் இருக்கும் பெண்டிங் கோப்புறையிலிருந்து டம்பை எடுத்து, மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விண்டிபக் என்ற பிழை ஆய்வுக் கருவியில் திறந்தேன். ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லாவின் சிம்பல் சர்வரை இணைத்த பிறகே வெறும் எண்களாகத் தெரிந்த முகவரிகள் ஃபங்ஷன் பெயர்களாக மாறின. அனலைஸ் கட்டளையைக் கொடுத்ததும் ஆக்சஸ் வயலேஷன் (அனுமதியில்லாத நினைவக இடத்தைத் தொட்டது) என்ற பிழையும், ஸ்டாக்கின் (ஒன்றையொன்று அழைத்த ஃபங்ஷன்களின் வரிசை) மேற்பகுதியில் டோக்கன் டிரைவரின் மாட்யூலும் தெரிந்தன. ஒவ்வொரு ஃபார்மேட்டுக்குப் பிறகும் அதே பழைய பென்டிரைவிலிருந்து அதே பழைய டிரைவரைத்தான் நிறுவியிருக்கிறார்கள். ஃபயர்பாக்ஸ் அமைப்புகளில் உள்ள செக்யூரிட்டி டிவைசஸ் பகுதியில் அதை நீக்கிவிட்டுப் புதிய பதிப்பை நிறுவியதும் கிராஷ் நின்றது.

ஸ்டாக்கில் முதலில் நிற்கும் பெயரையே குற்றவாளி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வேறொரு நிரல் முன்பே நினைவகத்தைக் கெடுத்திருக்க, பிற்பாடு அதைத் தொட்ட மாட்யூலின் பெயர் அங்கே வரக்கூடும். அதனால் ஒரு டம்பை வைத்து நான் தீர்ப்புச் சொல்வதில்லை. மூன்று நான்கு டம்புகளில் ஒரே மாட்யூல் திரும்பத் திரும்ப வந்தால்தான் நம்புகிறேன். அந்த அலுவலகத்தில் இருந்த நான்கிலும் அதே பெயர்தான் இருந்தது. ஒவ்வொரு டம்பும் ஒவ்வோர் இடத்தைக் காட்டினால் ரேம் மீது சந்தேகம் கொண்டு, விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை இரவு முழுவதும் ஓட விடுவேன். பஞ்சு பறக்கும் யூனிட்களில் கேபினெட்டைத் திறந்து சுத்தம் செய்வதும் அதோடு சேர்த்தே நடக்கும். ஆட்-ஆன்களைச் சந்தேகித்தால், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஃபயர்பாக்ஸைத் திறந்து, ஆட்-ஆன்கள் இல்லாமல் இயங்கும் டிரபிள்ஷூட் மோடில் சோதித்தால் போதும்.

டம்ப் கோப்பை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு உதவி கேட்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். கிராஷ் ஆன நொடியில் நினைவகத்தில் இருந்தவற்றின் துணுக்குகள் அதில் இருக்கும். வாடிக்கையாளரின் பான் எண்ணோ கடவுச்சொல்லோ அவற்றில் ஒன்றாக இருக்கலாம். தேவையானவரிடம் மட்டும் நேரில் கொடுத்து, வேலை முடிந்ததும் இரு கணினிகளிலும் அழித்துவிடுங்கள்.