துருப்பிடித்த திருகு கழல மறுப்பது ஏன்?

போல்ட் ஒன்றை இறுக்கும்போது நம் கை செலுத்தும் முறுக்கு விசையில் ஏறத்தாழ 10 சதவீதம்தான் இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கும் இழுவிசையாக மாறுகிறது. சுமார் 50 சதவீதம் தலையின் அடிப்பரப்பில் எழும் உராய்வுக்கும், சுமார் 40 சதவீதம் மரைகளுக்கு இடையிலான உராய்வுக்கும் போய்விடுகிறது. புத்தம்புதிய போல்ட்டுக்கே கணக்கு இதுதான் என்றால், பல ஆண்டுகள் மழைநீரும் சாலைச் சேறும் பட்டுக் கிடந்த பழைய காரின் அடிப்பகுதியில் உராய்வு எந்த அளவுக்கு ஓங்கியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அந்த உராய்வைக் குறைக்காமல் முறுக்கை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், மரை நகர்வதற்கு முன்பே திருகின் தலை வழுக்கிவிடும், அல்லது கழுத்து முறிந்துவிடும்.

மரை இறுகுவதற்கு முதல் காரணம் துரு. இரும்பு துருவாக மாறும்போது அதன் கனஅளவு இரண்டு மடங்குக்கும் மேல் பெருகுகிறது. போல்ட்டின் வெளிமரைக்கும் துளையின் உள்மரைக்கும் நடுவே இருப்பதோ மிக நுண்ணிய இடைவெளி; அதற்குள் துரு வளர வளர, இரண்டு பக்கங்களையும் அழுத்தி ஆப்பு அடித்ததுபோல் பூட்டிவிடுகிறது. அலுமினிய எஞ்சின் பாகத்தில் எஃகு போல்ட் செருகப்பட்டிருந்தால் சிக்கல் இன்னொரு வகையில் வருகிறது. ஈரமும் உப்பும் சேர்ந்த இடத்தில் இரண்டு உலோகங்களும் ஒரு சிறு மின்கலமாகி, அலுமினியம் அரிக்கப்பட்டு, வெண்ணிறத் தூள் மரை முழுவதும் அடைத்துக்கொள்கிறது. வெளியே எஃகில் துருவே தெரியாவிட்டாலும் உள்ளே அது பிடித்துக்கொண்டிருக்கும்.

எதிர்ப்பு கூடுகிறதே தவிர, திருகின் வலிமை கூடுவதில்லை. ஓர் உருளைத் தண்டு தாங்கக்கூடிய முறுக்கு அதன் விட்டத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. எனவே 8 மில்லிமீட்டர் போல்ட் தாங்கும் முறுக்கில், அதே எஃகில் செய்த 6 மில்லிமீட்டர் போல்ட் பாதியைக்கூடத் தாங்காது. நீண்ட கைப்பிடியோடு ஏறி நின்று திருப்பும் பழக்கம் சக்கர நட்டுக்கு வேண்டுமானால் ஒத்துவரலாம். சிறு திருகுகளுக்கு அது முறிவைத்தான் தரும்.

ஜப்பானியக் கார்கள் சிலவற்றில் பிரேக் டிஸ்க்கை ஹப்போடு, அதாவது சக்கரம் பொருந்தும் நடுப்பகுதியோடு, பிடித்திருக்கும் சிறு திருகு இதற்கு மிகச் சரியான எடுத்துக்காட்டு. அதன் தலை கூம்பு வடிவில் டிஸ்க்கின் குழிக்குள் அமர்ந்திருப்பதால், மரையில் மட்டுமன்றித் தலையின் சரிவிலும் துரு பிடிக்கிறது. மேலே கூட்டல் குறி வடிவப் பள்ளம் இருக்கிறது. 1936ஆம் ஆண்டு அமெரிக்காவில் காடிலாக் கார்களின் தயாரிப்பில் முதலில் பயன்பட்ட பிலிப்ஸ் வகைப் பள்ளத்தின் சுவர்கள் சரிவானவை. முறுக்கு அதிகமானால் திருப்புளி அந்தச் சரிவில் ஏறி வெளியே வந்துவிடும். ஜப்பானியத் தரத்தில் செய்யப்பட்ட பள்ளம் பார்வைக்கு அப்படியே இருந்தாலும் அளவுகள் சற்று வேறுபடும். அதில் பிலிப்ஸ் திருப்புளி முழு ஆழத்துக்கு அமராது. விளிம்பில் மட்டும் பிடித்து உலோகத்தைச் சுரண்டிவிடும். தலையில் ஒரு சிறு புள்ளிக்குழி இருந்தால் அது பெரும்பாலும் ஜப்பானியத் தரம் என்று கொள்ளலாம். பொருத்தமான திருப்புளியைத் தேடி எடுப்பதற்குச் செலவிடும் நேரத்தை வீண் என்று யாரும் நினைக்க வேண்டாம். தலை கெட்ட பிறகு ஆகும் வேலை அதைவிடப் பல மடங்கு பெரிது.

இந்த இடத்தில் சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் திருப்புளி அருமையான கருவி. அதன் பின்புறத்தில் அடிக்கும்போது, உள்ளே இருக்கும் சாய்வான அமைப்பு அடியின் ஒரு பகுதியைச் சுழற்சியாக மாற்றுகிறது. மீதி விசை முனையைப் பள்ளத்துக்குள் அழுத்துகிறது. திருப்புளி வெளியேற முயலும் அதே கணத்தில் அது உள்ளே தள்ளப்படுவதால் பள்ளம் தப்புகிறது. மேலும், அடியின் அதிர்வு துருவின் பிடியில் விரிசலை உண்டாக்குகிறது. துரு அழுத்தத்தைத் தாங்கும், ஆனால் நொறுங்கும் இயல்புடையது என்பதே இதற்குக் காரணம்.

ஊடுருவும் எண்ணெய் பாகுத்தன்மையும் பரப்பு இழுவிசையும் குறைந்த திரவம் என்பதால், நுண்புழைக் கவர்ச்சியால் மரையின் இடுக்குகளுக்குள் ஏறிப் பரவுகிறது. துருவை அது கரைப்பதில்லை, உராய்வைத்தான் குறைக்கிறது. கம்பித் தூரிகையால் மேல்துருவைத் தேய்த்துவிட்டு எண்ணெயை இட்டு, இரவு முழுவதும் ஊறவிட்டு, இடையிடையே லேசாகத் தட்டிக்கொடுத்தால் பலன் கூடும். பிறகு கழற்றும் திசையில் திருப்புவதற்கு முன் இறுக்கும் திசையில் மிகச் சிறிதளவு அசைத்துப் பார்ப்பதும் பிடியை உடைக்க உதவும்.

எண்ணெய் தோற்கும் இடத்தில் வெப்பம் உதவுகிறது. எஃகின் 10 மில்லிமீட்டர் விட்டம் ஒவ்வொரு 100 பாகை செல்சியஸ் உயர்வுக்கும் சுமார் 0.012 மில்லிமீட்டர் விரிகிறது. அலுமினியம் அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அலுமினியத்துக்குள் இருக்கும் எஃகு போல்ட்டில் இரண்டும் சேர்ந்து சூடானாலும் துளையே அதிகமாக விரிந்து பிடி தளர்வது இதனால்தான். இரண்டுமே எஃகு என்றால் நட்டை மட்டும் வேகமாகச் சூடாக்க வேண்டும். தானாகக் கழலாமல் இருக்க வலுவான மரைப்பசை போட்ட போல்ட்டுகளும் சுமார் 250 பாகையில் இளகிவிடும். ஆனால் எரிபொருள் குழாய், பிரேக் குழாய், ரப்பர் புஷ் ஆகியவற்றுக்கு அருகே தீச்சுடரைக் கொண்டுபோகவே கூடாது. குளோரின் கலந்த பிரேக் சுத்திகரிப்பான் தெளித்த இடத்தைச் சூடாக்கினால் பாஸ்ஜீன் என்னும் கொடிய நச்சு வாயு உண்டாகலாம் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

தலை முழுவதும் வழுக்கிவிட்டால் டிஸ்க் திருகின் தலையை டிரில் செய்து எடுத்துவிடலாம். டிஸ்க்கை உண்மையில் இறுக்கிப் பிடிப்பவை சக்கர நட்டுகள்தான். அந்தத் திருகு அதை இடத்தில் நிறுத்திவைக்க மட்டுமே. தலை போனதும் இழுவிசை அறுந்துவிடுவதால், டிஸ்க்கை அகற்றிய பின் மிஞ்சும் துண்டு பல நேரம் இடுக்கியால் திருப்பினாலே வந்துவிடும். வராவிட்டால் இடப்புறம் சுழலும் டிரில் முனை நல்லது. துளையிடும்போதே அது துண்டைக் கழற்றும் திசையில் இழுக்கிறது. துளைக்குள் செருகித் திருப்பும் கூம்பு வடிவ எக்ஸ்ட்ராக்டரைக் கடைசி வழியாகவே கருதுகிறேன். அது உள்ளே இறங்க இறங்கத் துண்டின் சுவரை வெளிப்புறம் விரித்து மரையோடு மேலும் இறுக்குகிறது. கடினமாக்கப்பட்ட எஃகாலான அந்தக் கருவி உள்ளேயே முறிந்தால் சாதாரண டிரில் முனை அதைத் தொடவே முடியாது. இதைவிட, முறிந்த தண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்வது மேல்: புதிய தலையும் கிடைக்கிறது, மரைக்கு வேண்டிய வெப்பமும் அந்த வழியிலேயே உள்ளே இறங்கிவிடுகிறது.

புதிய திருகைப் போடும்போது மரையில் பிடிப்புத்தடுப்புப் பசையைத் தடவலாம். உராய்வு குறைவதால் அதே முறுக்குக்கு இழுவிசை கணிசமாகக் கூடும். உலர்ந்த மரைக்குக் குறிப்பிட்ட முறுக்கு அளவை அப்படியே கையாண்டால் போல்ட் அளவுக்கு மீறி நீண்டுவிடக்கூடும் என்பதால், அந்த அளவைக் குறைத்துத்தான் இறுக்க வேண்டும்.