உண்ணியை எடுத்துவிட்டோம் என்று சொல்வதற்கு முன்

காய்ச்சலோடு வரும் நாயை மேசையில் ஏற்றியதும் நான் முதலில் கேட்பது, "உண்ணி இருந்ததா?" என்பதைத்தான். "இருந்தது டாக்டர், போன வாரமே எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம்" என்று பலரும் நிம்மதியோடு சொல்வார்கள். கால்நடை மருத்துவராக எனக்குக் கவலை தருவது அந்த நிம்மதிதான். உண்ணி கடிக்கும்போது அதன் எச்சில் வழியாக இரத்தத்தில் கலக்கும் கிருமி, காய்ச்சலாக வெளிப்படப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை எடுத்துக்கொள்ளும். அதற்குள் கடித்த உண்ணி வயிறு நிரம்பி உதிர்ந்து போயிருக்கும்.

கடந்த கோடையில் நான்கு வயது லாப்ரடார் ஒன்றை அழைத்து வந்தார்கள். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, வெயில்தான் காரணம் என்று எண்ணித் தயிர்சாதம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி வரை இயல்பான உடல்வெப்பம். அதற்கு 104-ஐத் தாண்டியிருந்தது. மேலுதட்டைத் தூக்கினால் இளஞ்சிவப்பாகத் தெரியவேண்டிய ஈறு வெளிறிக் கிடந்தது. அடிவயிற்றில், மயிர் குறைந்த இடத்தில், குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. வீட்டார் அவற்றைக் கொசுக்கடி என்று நினைத்திருந்தார்கள். பூச்சிக்கடியால் வரும் சிவப்பை விரலால் அழுத்தினால் நிறம் மங்கும். இவை மங்கவில்லை, தோலுக்கடியில் கசிந்திருந்த இரத்தம் அது. இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை, இயல்பாக இரண்டு லட்சத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டியது, இருபதாயிரத்தைக்கூட எட்டவில்லை. மூக்கிலிருந்து இரத்தம் சொட்டத் தொடங்கிய பிறகே பலர் ஓடி வருகிறார்கள். இவர்கள் அதற்கு முன்பே வந்தது அந்த நாயின் நல்ல காலம்.

உண்ணிக் காய்ச்சல் என்று பொதுவாகச் சொன்னாலும் அது ஒரே நோய் அன்று. நம் பகுதியில் அதிகம் காண்பவை இரண்டு. எர்லிக்கியா என்பது வெள்ளணுக்களுக்குள் குடியேறும் பாக்டீரியா. பிளேட்லெட்டுகளைக் குறைத்து இரத்தக்கசிவை உண்டாக்கும். பாபீசியா சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கும் ஒட்டுண்ணி. நாயைச் சோகையில் தள்ளும், சில நாய்களுக்குச் சிறுநீரே டிகாஷன் நிறத்தில் போகும். இந்தப் பாபீசியாவின் ஒரு வகையான கிப்சோனி, 1910-இல் பேட்டன் என்ற ஆய்வாளரால் முதன்முதலாக விவரிக்கப்பட்டது நம் சென்னையில் வளர்க்கப்பட்ட வேட்டை நாய்களின் இரத்தத்திலிருந்துதான். ஆக, இது நேற்று வெளிநாட்டு இனங்களோடு வந்து இறங்கிய நோய் அன்று. ராஜபாளையத்துக்கும் சிப்பிப்பாறைக்கும் தெருவில் எடுத்து வளர்க்கும் குட்டிக்கும் இது வரும்.

இரண்டும் ஒரே நாயில் சேர்ந்தே இருப்பதும் உண்டு. எர்லிக்கியாவுக்குக் கைகொடுக்கும் டாக்ஸிசைக்ளின், பாபீசியாவைத் தனியாகக் குணப்படுத்தாது. பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் அதே மாத்திரையை வாங்கிக் கொடுக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். இரத்தப் பரிசோதனை செய்து எது என்று தெரிந்த பிறகே மருந்து.

எர்லிக்கியாவுக்கான மாத்திரை 28 நாள் தொடர வேண்டும். பெரும்பாலான நாய்கள் இரண்டு மூன்று நாளிலேயே வாலை ஆட்டிக்கொண்டு சாப்பிட வந்துவிடும். ஐந்தாம் நாள் மாத்திரை நின்றுபோகும். அந்த லாப்ரடார் வீட்டிலிருந்தும் ஆறாம் நாள் தொலைபேசி வந்தது: "நல்லா ஆயிடுச்சு டாக்டர், மாத்திரை கொடுத்தால் வாந்தி எடுக்கிறது, நிறுத்திடலாமா?" வெறும் வயிற்றில் கொடுத்ததுதான் வாந்திக்குக் காரணம். சோற்று உருண்டைக்குள் வைத்துக் கொடுத்து, பிறகு தண்ணீர் குடிக்க வைக்கச் சொன்னேன், வாந்தி நின்றது. பாதியில் நிறுத்தினால் கிருமி உடலில் பதுங்கிவிடலாம். மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில், வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு எலும்பு மஜ்ஜையே செயலிழந்து நாய் வரும்போது எங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு. ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்ப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அந்த இனத்தில் நோய் கடுமையாக வருகிறது.

காய்ச்சல் என்றதும் வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலையோ இபுப்ரோஃபெனையோ தயவுசெய்து கொடுக்காதீர்கள். இபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிளேட்லெட் குறைந்த நாய்க்கு வயிற்றில் புண் வந்தால் இரத்தம் நிற்காது. உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுவதும், மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தை அளவு தெரியாமல் ஊற்றுவதும், ஊதுபத்தியால் சுடுவதும் வேண்டாம். நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். வெறும் விரலால் நசுக்காதீர்கள். காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில், வாலடியில் தினமும் தடவிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

ஆனால் நாயின் மேல் தெரியும் உண்ணி கொஞ்சம்தான். மிச்சம் வீட்டில் இருக்கிறது. நாய் உண்ணி தன் வாழ்நாளில் மூன்று முறை இரத்தம் குடிக்கும். ஒவ்வொரு முறையும் நாயைவிட்டு இறங்கிவிடும். வயிறு பருத்த பெண் உண்ணி சுவரேறி, விரிசலில் புகுந்து நாலாயிரம் முட்டை வரை இடும். பசியோடு மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதனால் முடியும். அதனால்தான் ஒரு நாள் குளிப்பாட்டி, ஒரு முறை மருந்தடித்து இதை முடிக்க முடிவதில்லை. மருத்துவர் ஆலோசனையோடு தரும் உண்ணித் தடுப்பு மாத்திரை, சில வகைகளில் ஒரு மாதமும் சில வகைகளில் மூன்று மாதம் வரையும் காக்கும். வலிப்பு வந்த நாய் என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டில் பூனையும் இருந்தால், பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து அதன் உயிரையே எடுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்த லாப்ரடாரின் வீட்டுக்கு ஒரு மாலை நானே போனேன். கூண்டுக்குப் பின்சுவரில் டார்ச் அடித்தபோது, என் தலைக்கு மேலே, பூச்சு பெயர்ந்த விரிசலில் மிளகைக் கொட்டியதுபோல் உண்ணிகள் அடைந்திருந்தன. வீட்டுக்காரர் வெகுநேரம் பேசவில்லை. அடுத்த வாரமே விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைத்தார், நாய் படுக்கும் சாக்கை எரித்தார், இரண்டு வார இடைவெளியில் நாயை அப்புறப்படுத்திவிட்டு மூன்று முறை மருந்தடிக்க ஏற்பாடு செய்தார். 28 நாள் மாத்திரையும் முடிந்து இரத்தம் எடுத்தபோது பிளேட்லெட் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதற்கு இப்போதே தேதி குறித்துக் கொடுத்திருக்கிறேன்.