குறிஞ்சி ஹேஸ் ப்ளூம்டா, ப்ளூம்டா? ஆங்கில வினைக்குள் மூன்று நேரங்கள்

கொடைக்கானலில் ஹோம்ஸ்டே நடத்துபவர்களும் சுற்றுலா வழிகாட்டிகளும் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி, குறிஞ்சி எப்போது பூக்கும் என்பது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை மலை முழுக்கப் பூக்கும். 2006-இலும் 2018-இலும் பூத்தது, அடுத்து 2030. இந்தப் பதிலை ஆங்கிலத்தில் சொல்லும்போது பலர் வாயில் வருவது: "குறிஞ்சி ஹேஸ் ப்ளூம்ட் இன் 2018." இது பிழை. ஏன் பிழை என்பது புரிந்துவிட்டால், ஹேவ், ஹேஸ், ஹேட் சேர்ந்து வரும் பர்ஃபெக்ட் வடிவங்களில் பாதிக் குழப்பம் தீரும்.

தத்துவ அறிஞர் ஹான்ஸ் ரைக்கன்பாக் 1947-இல் தந்த விளக்கம் இதற்கு நன்றாக உதவுகிறது. வினையில் மூன்று நேரங்கள் உண்டு: பேசும் நேரம், சம்பவம் நடந்த நேரம், எங்கே நின்று அந்தச் சம்பவத்தைப் பார்க்கிறோம் என்ற பார்வை நேரம். பள்ளியில் முதல் இரண்டை மட்டுமே சொல்லித் தருகிறோம். பர்ஃபெக்டைத் தீர்மானிப்பதோ மூன்றாவதுதான். சம்பவம் பார்வை நேரத்துக்கு முன்பே முடிந்திருந்தாலோ, முன்பே தொடங்கி அதுவரை நீண்டாலோ பர்ஃபெக்ட். பார்வை இன்றில் நின்றால் ஹேவ் அல்லது ஹேஸ், கடந்த காலத்தில் நின்றால் ஹேட், வரும் காலத்தில் நின்றால் வில் ஹேவ்.

"ஹேஸ் ப்ளூம்ட்" என்று சொன்னதும் பார்வை இன்றில் நிற்கிறது. "இன் 2018" அதைப் பிடித்து 2018-க்கு இழுக்கிறது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் பொருந்தாது. "இட் ப்ளூம்ட் இன் 2018" என்பதே சரி. எஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ இயர்ஸ் அகோ எல்லாவற்றுக்கும் இதே விதி. தமிழில் "2018-இல் பூத்திருக்கிறது" என்று தாராளமாகச் சொல்லலாம், பிழை அங்கிருந்துதான் வருகிறது. எந்த ஆண்டு என்று சொல்லாதபோது பர்ஃபெக்ட் பொருந்தும்: "ஐ ஹேவ் சீன் குறிஞ்சி ட்வைஸ்." விருந்தாளி உடனே "வென்?" என்பார். அந்த நொடியில் வடிவம் மாற வேண்டும்: "ஐ சா இட் இன் 2006 அண்ட் 2018."

தொடர்ந்து நடப்பவற்றில் வேறொரு சறுக்கல். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1901 முதல் சூரியனைக் கவனித்து வருகிறது. தமிழில் நிகழ்காலம் போதும் என்பதால் "ஈஸ் அப்சர்விங் தி சன் சின்ஸ் 1901" என்று வந்துவிடுகிறது. அன்று தொடங்கி இன்றுவரை நீள்வதால் "ஹேஸ் பீன் அப்சர்விங்" வேண்டும். தொடங்கிய புள்ளிக்கு சின்ஸ், கால அளவுக்கு ஃபார். அதே ஆய்வகத்தில் 1909-இல் வானியலாளர் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதை (இன்று அவர் பெயரால் 'எவர்ஷெட் விளைவு') கண்டறிந்தது முடிந்த சம்பவம்: "டிஸ்கவர்ட்", அவ்வளவுதான்.

எதிர்காலத்தில் மூன்று வடிவங்களைச் சட்டென்று பிரித்துவிடலாம். கால அட்டவணைக்குச் சாதாரண நிகழ்காலம்: "தி பஸ் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ." பில்லர் ராக்ஸ் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தால் "தி மிஸ்ட் ஈஸ் கோயிங் டு கவர் தி ராக்ஸ்." விருந்தாளி குளிர்கிறது என்றதும் அப்போதே எடுக்கும் முடிவுக்கு வில்: "ஐ வில் பிரிங் எ பிளாங்கெட்." இங்கே "ஐ ஆம் கோயிங் டு பிரிங்" என்றால் முன்பே திட்டமிட்டது போல ஒலிக்கும்.

வில் ஹேவ் கொஞ்சம் கவனம் கேட்கும். குறிஞ்சிச் செடி பூத்து, விதை விட்டதும் பட்டுப்போகும். 2031 கோடையில் வரப்போகிறவருக்கு இப்படிச் சொல்லலாம்: "வென் யூ கம், தி பிளான்ட்ஸ் வில் ஹேவ் ஃப்ளவர்ட் அண்ட் டைட்." வென், இஃப், பிஃபோர் தொடங்கும் இத்தகைய பகுதியில் வில் வராது, "வென் யூ வில் கம்" கூடாது. வில் பின்னால் எப்போதும் ஹேவ்தான், ஹேஸ் இல்லை. அதன் பின் மூன்றாம் வடிவம்: "வில் ஹேவ் கான்" சரி, "வில் ஹேவ் வென்ட்" தவறு.

நம் "தாண்டியிருக்கும்" என்ற ஊகமும் இதே வடிவத்தில் அப்படியே அமர்கிறது: வத்தலக்குண்டு பஸ் "வில் ஹேவ் கிராஸ்ட் பெருமாள்மலை பை நவ்." இந்த "பை" நம் "-க்குள்", "டில்" நம் "வரை". "ஐ வில் ஃபினிஷ் டில் ஃபைவ்" என்று சொல்லிவிட்டு, ஐந்து மணிக்குள் என்று பொருள் கொள்ள முடியாது. "பை ஃபைவ்" என்றால்தான் அந்தப் பொருள் வரும்.