நேற்று எத்தனை மணிக்குச் செய்தீர்கள்?

முட்டிவலிக்காக வருகிறவர்களிடம் முன்பெல்லாம் "வீட்ல எக்சர்சைஸ் பண்றீங்களா?" என்று கேட்பேன். "பண்றேன் மேடம்" என்பார்கள். பிசியோதெரபிஸ்ட்டாக வேலை பார்க்கத் தொடங்கிய காலத்தில் அதை அப்படியே நம்பினேன். ஆனால் முட்டி மடங்கும் கோணத்தை அளந்தால் மூன்று வாரத்துக்கு முன்பு இருந்த அதே அளவு. தொடையைச் சுற்றி டேப் வைத்தாலும் அதே அளவு. அவர்கள் என்னை ஏமாற்ற நினைக்கவில்லை. "பண்றேன்" என்ற சொல்லுக்குள் "பண்ணணும்னுதான் இருக்கேன்" என்ற எண்ணம் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

இப்போது கேள்வியை மாற்றிவிட்டேன். "நேத்து எத்தனை மணிக்குப் பண்ணீங்க?"

செய்தவர் உடனே சொல்லிவிடுவார்: "காலைல காபிக்கு முன்னாடி." செய்யாதவர் ஒரு நொடி தயங்குவார். அந்தத் தயக்கத்தில் இருந்துதான் எங்கள் உண்மையான சிகிச்சை தொடங்குகிறது.

உடற்பயிற்சியில் ஒரு சங்கடம் இருக்கிறது. இன்று விட்டால் இன்று ஒன்றும் ஆகாது. சர்க்கரை நோயாளிகளுக்கு எடுக்கும் ஹெச்பிஏ1சி பரிசோதனை ரத்தச் சர்க்கரையின் ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. இன்று நடக்காமல் படுத்துக்கொண்டதற்கான பதில் அதில் தெரிய நாளாகும். தொடைத் தசை வலுப்பெறவும் வாரங்கள் ஆகும். பலனும் தொலைவில், பாதிப்பும் தொலைவில். ஆனால் சோம்பல் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் இன்று ராத்திரிக்குள் நம்மைக் கேட்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. மன உறுதி குறைவானவர்களுக்குத்தான் இது தேவை என்று நினைக்க வேண்டாம். நான் பார்த்தவரை எல்லோருக்கும் தேவை.

நம் ஊரில் இதற்கு ஏற்கெனவே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களைப் பாருங்கள். இருபது வருடமாக சிகரெட்டை விட முடியாதவர் 41 நாள் தொடாமல் இருப்பார். விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிப்பார், செருப்பு போடமாட்டார். பக்திதான் இதற்கு அடிப்படை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த பக்தியைச் சுற்றி ஊரே ஒரு வேலி கட்டிக்கொடுக்கிறது. கறுப்பு வேட்டியைப் பார்த்தவுடன் தெருவில் எல்லோரும் "சாமி" என்கிறார்கள். மாலை போட்டுவிட்ட குருசாமி இருக்கிறார், அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். வீட்டுச் சமையலே மாறிவிடுகிறது. மாலையைக் கழற்றிய பிறகு பலருக்குப் பழைய பழக்கம் திரும்பிவிடுகிறது. அப்போது கேட்க ஆள் இல்லை.

எங்கள் கிளினிக்கிலும் இதுதான் நடந்துகொண்டிருந்தது. பத்து நாள் சிகிச்சைக்குத் தவறாமல் வருவார்கள், நல்ல முன்னேற்றம் தெரியும். பதினோராவது நாளிலிருந்து வீட்டில் ஒன்றும் நடக்காது. பத்து நாளும் நான்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்! இப்போது சிகிச்சையை முடித்து அனுப்பும்போது "இனிமே உங்களை யார் கேட்கப் போறாங்க?" என்று கேட்டு, அந்தப் பெயரைக் கேஸ் ஷீட்டிலேயே எழுதிக்கொள்கிறேன்.

நினைவூட்டலுக்கே எவ்வளவு பலம் உண்டு என்பதற்கு சென்னையைச் சேர்ந்த டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு சான்று. சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த, வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஆரம்பத்தில் உணவு, உடற்பயிற்சி பற்றிய அறிவுரை கிடைத்தது. ஒரு பாதிப் பேருக்கு மட்டும் அதன் பிறகும் செல்போனில் குறுஞ்செய்திகள் போய்க்கொண்டே இருந்தன. இரண்டு வருட முடிவில் குறுஞ்செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் வந்திருந்தது. வெறும் குறுஞ்செய்திக்கே இந்த வித்தியாசம் என்றால், பெயர் சொல்லிக் கேட்கும் ஒரு மனிதருக்கு?

சரி, யார் கேட்பது? கணவனோ மனைவியோ வேண்டாம் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறேன். ஒரே வீட்டில் இருப்பவர் கேட்கும்போது பழைய கணக்குகளும் சேர்ந்து வந்துவிடும். "என்ன, இன்னிக்கும் போகலையா?" என்பதில் கேள்வி கொஞ்சம், குத்தல் அதிகம். என்னிடம் வந்த ஒருவர் தினமும் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பி, டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறார். வீட்டில் கேள்வி வராமல் இருக்க அதுதான் அவருக்குத் தெரிந்த வழி. கோபத்தோடு கேட்டால் பொய்தான் பதிலாக வரும்.

தானும் ஏதோ ஒன்றைச் செய்ய முயன்றுகொண்டிருப்பவர் நல்ல தேர்வு. அவர் கேட்பார், நீங்களும் அவரைக் கேட்பீர்கள். தூரத்தில் இருக்கும் பிள்ளைகளும் சரிப்படுகிறார்கள். ஒரு அம்மாவுக்கு மகள் சிங்கப்பூரில். சாயங்காலம் வீடியோ காலில் வருவாள். அம்மா போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, பேசிக்கொண்டே பயிற்சியை முடித்துவிடுவார். நாற்பது பேர் கொண்ட வாட்ஸ்அப் குரூப் மட்டும் போதாது. ஒரு மாதத்தில் அது குட்மார்னிங் படங்களோடு நின்றுவிடுகிறது. எல்லோரும் இருக்கும் இடத்தில் யாரும் உங்களைத் தேடமாட்டார்கள். ஜிம்முக்கு ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டிய பணமும் அப்படித்தான், அது ஒரு நாளும் "ஏன் வரல?" என்று கேட்காது.

என்ன சொல்ல வேண்டும் என்பதிலும் கவனம் தேவை. எடையைச் சொல்லாதீர்கள். உப்பு, தண்ணீர், சாப்பாட்டைப் பொறுத்து அது ஒரே நாளில் ஏறி இறங்கும், மனசும் கூடவே இறங்கும். செய்தேனா, இல்லையா என்பதைச் சொன்னால் போதும். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். எடுத்த எடுப்பிலேயே அவ்வளவுக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பத்து நிமிடத்துக்குக் கொடுங்கள். தவறிய நாளில் "முடியல, நாளைக்கு" என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். கல்யாணம், தீபாவளி என்று நான்கு நாள் விட்டுப்போவது யாருக்கும் நடக்கும். ஆனால் வெட்கப்பட்டு போனை எடுக்காமல் இருந்தால் அந்த நான்கு நாள் நான்கு மாதமாகிவிடும்.

கேட்கிறவருக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். "வலி எப்படி இருக்கு?" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மறுநாள் காலையில் முட்டி வீங்கியிருந்தால் பயிற்சியைக் குறைத்துவிட்டு எங்களிடம் வர வேண்டும். நெஞ்சில் அழுத்தமோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ, தலைசுற்றலோ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கொடுத்த வாக்குக்காக யாரும் வலியை மறைக்கக் கூடாது.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இரண்டு மாதமாக நான் சொன்ன எதையும் செய்யவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, காலை நீட்டித் தூக்கும் பயிற்சி, இரண்டும்தான். "காலைல வாசல்ல யார்கூடப் பேசுவீங்க?" என்று கேட்டேன். எதிர்வீட்டு அம்மா, அவருக்கும் முட்டிவலி. கோலம் போட்டு முடித்ததும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை வாசலில் போட்டு, ஆளுக்குப் பத்து முறை என்று ஆரம்பித்தார்கள். மூன்று மாதத்தில் டவுன் பஸ் படியில் கைப்பிடியை இழுக்காமல் ஏறுகிறார்.

நடுவில் எதிர்வீட்டு அம்மா மகளின் பிரசவத்துக்காக பெங்களூர் போய்விட்டார். இனி நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். ஆசிரியை அடுத்த முறை வந்தபோது வழக்கம்போலக் கேட்டேன், நேற்று எத்தனை மணிக்கு என்று.

"ஆறே முக்கால் மேடம். ஆறரைக்குத்தான் பண்றது. அவங்க நேத்து போன் பண்ண கால் மணி லேட்டாயிடுச்சு."